கொமாண்டன் ஆரின்ரை மகன்?

வாமதேவன் அண்ணையை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பாரிஸில், ரூ லூயி-பிளாங் தெருவில் மரக்கறிக் கடையைத் திறந்து, வாழைப்பொத்திகளை வெளியே அடுக்கிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து டெலிபோன் கடையிலிருந்து ஒரு மனிதர் வந்து நின்றார். வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை.

"பிள்ளை எந்த ஊர்?"

"கரவெட்டி."

"கரவெட்டியிலை எவடம்? ஆரின்ரை மகள்?"

சொன்னேன். அப்பாவின் பெயரோடு விட்டாரா? அம்மா எங்கே பிறந்தவ, அம்மாவின் தமக்கையை எந்த ஊரில் கலியாணம் செய்து கொடுத்தது, அந்தப் பெரியப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்று போய்க்கொண்டே இருந்தார். பெட்டி இறக்க வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், மனிதர் அசையவில்லை. கடைசியில் என் சின்ன மாமியின் சம்பந்தி வீட்டு வழியாகப் புகுந்து, தான் எனக்கு ஒரு முறையில் அண்ணன் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் போனார். சரியான விடுப்புக்காரன் என்று மனதுக்குள் திட்டினேன். அடுத்தவன் வீட்டுப் புதினம் அறியத் துடிப்பதை நாங்கள் விடுப்பு என்போம். இந்த மனிதருக்கு அது இரத்தத்தில் ஊறியது.

அந்தக் குணத்துக்கு ஏற்ற தொழிலும் வாய்த்திருந்தது. ஐந்தாறு மரக் கபின்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டெலிபோன், சுவரில் ஓர் உலகப் படம், மூலையில் ஒரு தொலைக்காட்சி. கைத்தொலைபேசியில் வெளிநாட்டுக்குக் கதைத்தால் குடும்பமே கடன்காரர் ஆகிவிடும் காலம் அது. அதனால் எங்கள் லா ஷப்பேல் பகுதி முழுவதும் அவரிடம்தான் வரும். எங்கள் சனம், வங்காளிகள், மேற்கு ஆபிரிக்கர்கள் எல்லோரும் வருவார்கள். யாழ்ப்பாணத்துக்கு எடுத்தால் என்ன, பமாக்கோவுக்கு எடுத்தால் என்ன, கபினுக்குள் போகுமுன் ஒரு விசாரணை உண்டு. எந்த ஊர், ஆரின்ரை மகன், அம்மா எவடம், எத்தனை சகோதரம். இதற்குத் தேவையான பிரெஞ்சை மனிதர் ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவும்போது படித்திருந்தார். அது குசினிப் பிரெஞ்சாகவே கடைசிவரை இருந்தது.

ஆபிரிக்கர்கள் கோபப்படுவார்கள் என்று நான் நினைத்தேன். எங்கே! அவர்கள் வழக்கமும் அதுதானாம். வழியில் ஒருவரைக் கண்டால் அம்மா சுகமா, அப்பா சுகமா, வீடு சுகமா, ஊர் சுகமா என்று கேட்டு முடித்துத்தான் அலுவலுக்கு வருவார்களாம். பாரிஸுக்கு வந்த பிறகு தங்களை ஒருவரும் இப்படிக் கேட்பதில்லை என்று மரியாமா என்ற பெண் என்னிடம் சொன்னாள். அவள் தலைமுடி பின்னும் கடையொன்றில் வேலை செய்தவள். அவள் கணவன் உமார் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், இங்கே சுப்பர்மார்க்கட் வாசலில் காவல். இருவரும் என்னிடம் மரவள்ளியும் வெண்டிக்காயும் வாங்கிக்கொண்டு, அவரிடம் போய்த் தங்கள் ஊரையே ஒப்புவித்துவிட்டுப் போவார்கள்.

மிரண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்தான். தீயணைப்பு வசதி பார்க்க வந்த உத்தியோகத்தனிடம் அவனுடைய தாயின் ஊரைக் கேட்டார். அவன் காது சிவந்து போனது. ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பிறகு அவனே பிரெத்தாஞ் மாகாணத்தில் உள்ள பெரியம்மாவின் பசுப் பண்ணையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டான். மனிதர் வாயைக் கிண்டத் தொடங்கினால் கல்லும் கதைக்கும்.

இவ்வளவும் கேட்கிறாரே, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று நான் கவனித்தேன். கொட்டவில்லை. எங்கள் தெருப் பெண் துஷாந்தியின் கலியாணப் பேச்சு குழம்பியபோது தெருவே காரணம் தெரியாமல் தவித்தது. அவள் அவருடைய கபினுக்குள் நின்றுதான் மாப்பிள்ளையோடு சண்டை பிடித்தவள். மனிதருக்கு எல்லாம் தெரியும். இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, மெல்லக் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் பிள்ளை?" என்றார். தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரை குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவருடைய மனைவி கோசலை அக்காவும் அதையே சொல்லிக் குறைப்படுவா. "ஊரைக் கேக்கிற மனுசன், வீட்டிலை வந்து ஒண்டும் சொல்லாது" என்பா. எனக்கு அவர்மேல் மரியாதை வரத் தொடங்கியது அந்த ஆத்திரத்துக்குப் பிறகுதான்.

இனி அந்த நாட்டு விசயத்துக்கு வருகிறேன். பெயரை எழுதமாட்டேன். இந்தக் கதையில் வரும் ஒரு தாய் இன்னும் அங்கேதான் இருக்கிறா. மேற்கு ஆபிரிக்காவில், கடலும் ஒரு பெரிய ஆறும் உள்ள ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மரியாமாவும் உமாரும் அந்த நாட்டவர்கள்.

2010 வசந்தத்தில் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்று டெலிபோன் கடையில் நிற்க இடமில்லை. தொலைக்காட்சியில் பச்சைப் புள்ளிச் சீருடை போட்ட ஒரு வரிசை. நடுவில் நின்றவர் ஒரு கடதாசியை வாசித்தார். பழைய ஜனாதிபதி தின்ற காசு, விற்ற சுரங்கம் எல்லாம் வாசித்தார். கடையில் எல்லோரும் கை தட்டினார்கள். உமார் என்னைப் பார்த்து, "இவங்கள் எங்கடை பெடியள், மடாம். ஏழை வீட்டுப் பிள்ளையள்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. (பிரெஞ்சில் பேசியதை எல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். வாமதேவன் அண்ணையின் பிரெஞ்சும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.)

எனக்கோ கை தட்ட வரவில்லை. சீருடை போட்டவன் கடதாசி வாசித்து முடித்த பிறகு எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்பது எங்களுக்குத் தெரியாததா? ஆனால் சந்தோசப்படுகிற சனத்திடம் போய் இதைச் சொல்ல முடியுமா. என் கடைக்குத் திரும்பிப் போய்ப் பெட்டிகளை அடுக்கினேன்.

பிறகு அந்த வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் மந்திரிப் பதவி கொடுத்தார்கள். மீன்பிடிக்கு ஒரு கேணல். நீதிக்கு ஒரு லெப்டினன்ட், சட்டம் படித்தவனோ தெரியாது. இளைஞருக்கும் விளையாட்டுக்கும் ஒரு கப்டன், பெயர் சுலேமான். மீன்பிடிக் கேணல் தன் அலுவலக எழுதுவினைஞர்களை விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். விளையாட்டுக் கப்டன் சப்பாத்துக் காலோடு பெனால்ரி உதைத்தார், பந்து வெளியே போனது, கோல் காவலன் பயத்தில் அதைத் தேடிப் பிடித்து வலைக்குள் போட்டான். இதையெல்லாம் பார்த்துக் கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்காத ஒருத்தி இருந்தாள். ஃபந்தா என்று பெயர். பாரிஸ் புறநகர் பொபினியில் குடியிருந்து, கந்தோர்களில் துப்புரவு வேலை செய்தவள். ஞாயிறு தோறும் கடைசிக் கபினில் தாயோடு கதைப்பாள். முதல் நாள் எல்லோரும் கை தட்டியபோது அவள் கபினுக்குள் முதுகு காட்டி நின்றாள். கையில் றிசீவர் இருந்தது, எதிர்ப்பக்கம் யாரும் இருக்கவில்லை. வாமதேவன் அண்ணை கண்டுவிட்டார். அவருக்கு ஏற்கனவே தெரியும், அவள் ஆற்றில் தோணி ஓட்டியவரின் மகள், ஒரே தம்பி, தம்பி ஆமியில், சீனாவுக்குப் போய்ப் படித்தவன், பெயர் சுலேமான். கணக்குப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? அன்று அவள் வெளியே வந்ததும், "தொந்தோன், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றாளாம். தொந்தோன் என்றால் அவர்கள் பேச்சில் மாமா. அவர், "எனக்கென்ன தெரியும்?" என்றாராம். எனக்குச் சொன்ன அதே பதில். கோசலை அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவர்கள் இப்படிப் பேசிக்கொண்டதைப் பல மாதத்துக்குப் பிறகு ஃபந்தாவே என்னிடம் சொல்லித்தான் அறிந்தேன்.

இலையுதிர் காலத்தில் உமாரின் தகப்பன் இறந்தார். உமார் ஊருக்குப் போனான், நாற்பதாம் நாள் சடங்கு முடித்து வருவதாகச் சொல்லிவிட்டு. அந்தச் சடங்குக்கு ஆடு வாங்கத் தலைநகருக்குப் போன நாள்தான் பஸ் நிலையச் சதுக்கத்தில் எதிர்க்கட்சிகள் கூட்டம் போட்டார்கள். ஆமி சுட்டது. சுட்டது போதாதென்று தெருவில் நின்ற ஆம்பிளைகளையெல்லாம் லொறியில் ஏற்றியது. உமார் கூட்டத்துக்கும் போகவில்லை, கோஷமும் போடவில்லை. கையில் ஆட்டுக் கயிற்றோடு நின்றவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

விமான நிலையத்துக்குப் பின்னால் உள்ள முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று மரியாமாவுக்கு மச்சாள் சொன்னாள். பிறகு லைன் வெட்டுப்பட்டது. மரியாமா வேலையை விட்டுவிட்டு டெலிபோன் கடை வாசலடி மரவாங்கில் வந்து குந்தினாள். வாமதேவன் அண்ணை நம்பரை அடிப்பார், கிடைக்காது, வைப்பார், திரும்ப அடிப்பார். இடையிடையே வேறு யாருக்காவது லைன் கிடைக்கும். அப்படிக் கிடைத்ததில் ஒருவர் சொன்னார், அந்த முகாமிலிருந்து ஆட்களை லொறியில் வெளியே கொண்டுபோகிறார்கள், போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்று. மரியாமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த லொறிக்கு முதல் உமார் வெளியே வரவேண்டும். அவளுக்கு உலகத்தில் வேறு விசயம் இல்லை.

பிரெஞ்சு அரசாங்கத்துக்கு, தூதரகத்துக்கு, மனித உரிமைக்காரருக்கு என்று அவளுடைய ஆட்கள் ஓடித் திரிந்தார்கள். எல்லா இடத்திலும் மரியாதையாகக் கேட்டு அனுப்பினார்கள். கடையில் கூடியவர்களின் வாயில் இப்போது சிரிப்பு இல்லை. "அந்த மந்திரிமாரின்ரை சொந்தக்காரர் ஒருத்தன் பாரிஸிலை இருந்தால் காட்டுங்கோ, தெருவிலை போட்டு மிதிக்கிறன்" என்று ஒருவன் கத்தினான். கடைசிக் கபினின் கதவு மெல்லத் திறந்தது. ஃபந்தா தலைத்துணியை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனாள்.

வாமதேவன் அண்ணை பின்னாலேயே போனார். மெத்ரோ வாசலில் மறித்தார்.

"பிள்ளை, நில். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்."

"தெரியும், தொந்தோன்."

"அந்தப் பெடிச்சியின்ரை மனுசன் உள்ளை இருக்கிறான். ஆடு வாங்கப் போனவன். உன்ரை தம்பியிட்டை ஒரு வார்த்தை கேள்."

"ஏலாது. அவன் மந்திரியான பிறகு நான் அவனோடை கதைக்கிறதில்லை. கேட்டால் எனக்கும் பிரச்சினை, அவனுக்கும் பிரச்சினை. என்னை விடுங்கோ."

"சரி, விடுறன். இதுக்குப் பிறகு கேக்கவும் மாட்டன். ஆனால் நாளைக்கும் அவள் வந்து அந்த வாங்கிலை இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய். உனக்கு லைன் கிடைக்கும், உன்ரை அம்மா கதைப்பா. அவள் பாத்துக்கொண்டிருப்பாள். அதை மட்டும் யோசி."

அவ்வளவுதான் சொன்னார். அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஃபந்தா அழுதுகொண்டு படியிறங்கினாள். "அண்டைக்கு அந்த மனுசனை எனக்குக் கொல்லோணும் போலை இருந்தது" என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். எனக்கு அந்த உணர்ச்சி நன்றாகப் புரிந்தது.

மறுநாள் காலை, கடை திறந்த உடனேயே வந்து நின்றாள். நான் தேத்தண்ணி கொண்டு போனவள், முகங்களைப் பார்த்தவுடன் கடையை என் மனுசனிடம் விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். விடுப்பு என்றால் விடுப்புத்தான். மரியாமா வாங்கில் இருந்தாள். ஒன்றும் அறியாள். ஃபந்தா கபினுக்குள் போனாள். வாமதேவன் அண்ணை கதவடியில் நின்று நம்பர் அடித்துக் கொடுத்தார். மந்திரியின் சொந்த நம்பர், தாய் கொடுத்தது. அமைச்சர்மாரின் லைனை வெட்டமாட்டார்கள் போலும், உடனே கிடைத்தது.

தமக்கையும் தம்பியும் கதைத்தார்கள். முதலில் கோபம், பிறகு அழுகை, பிறகு அவள் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, வாசலடி வாங்குக்குக் கேட்காமல் பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள்.

"தன்னாலை ஏலாதாம். தான் விளையாட்டு மந்திரி, பந்து மட்டும்தான் தன்ரை கையிலையாம். முகாம் கொமாண்டனுக்குத் தன்னைக் கண்ணிலை காட்டக்கூடாதாம். தான் ஒரு பேரைச் சொல்லிக் கேட்டால், ஏன் கேக்கிறாய் எண்டு தன்னையும் உள்ளை போடுவாங்களாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவள் யாருடைய அக்கா என்று.  தொலைக்காட்சியில் துவக்கோடு வரிசையாக நிற்கிற பெரிய மனிதர்கள். ஒருவனுக்கு மற்றவனைக் கண்டால் நடுக்கம். பெனால்ரிக்குப் பயந்த கோல் காவலன் போலத்தான் மந்திரியும் இருந்திருக்கிறான்.

ஃபந்தா றிசீவரை வைக்கப் போனாள். வாமதேவன் அண்ணை விடவில்லை.

"வையாதை. அந்தக் கொமாண்டன் ஆரின்ரை மகன்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"தம்பியைக் கேள். எந்த ஊர்? தாய் இருக்கிறாவோ? எவடத்திலை இருக்கிறா?"

ஃபந்தா அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு மனிதனின் உயிர் போகப்போகிறது, இவர் சம்பந்தம் பேசப்போனவர் மாதிரி ஊரும் பேரும் விசாரிக்கிறார். ஆனால் கேட்டாள். கப்டன் சொன்னான், கொமாண்டனின் தாய் இருக்கிறா, பெரிய பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் நீலச்சாயத் துணி விற்கிறா, ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரி.

"காணும், மந்திரியை விடு," என்றார் வாமதேவன் அண்ணை. "அம்மாவைப் போட்டுத் தாறன்."

தாய்க்கு லைன் கிடைக்க நேரம் எடுத்தது. கிடைத்த பிறகு மனிதர் கபின் கதவைப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி போட்டார். ஃபந்தா தங்கள் பாஷையில் தாயிடம் கேட்டு, பிரெஞ்சில் அவருக்குச் சொன்னாள். அக்கரை ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? பெண் கொடுத்திருக்கிறீர்களா, எடுத்திருக்கிறீர்களா? நீலச்சாயக்காரியின் தங்கச்சியை எங்கே கட்டினார்கள்? லைன் அறுந்தது, திரும்ப எடுத்தார். திரும்ப அறுந்தது, திரும்ப எடுத்தார். நெற்றியில் வேர்வை. நான் அவரைப் பத்து வருடமாக நக்கலடித்த அதே கேள்விகள்தான். அன்று ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை நானும் கபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் வந்தது. நீலச்சாயக்காரியின் தங்கையைக் கட்டியது ஃபந்தாவின் ஊரில்தான். அந்தத் தங்கையின் முதல் பிள்ளைக்குப் பெயர் வைத்த நாள், ஃபந்தாவின் தாய்தான் சமைத்தவ. அவவும் நீலச்சாயக்காரியும் அன்று ஒரே பாயில் இருந்து, நாங்கள் வெற்றிலை போடுகிற மாதிரி, கோலாக்கொட்டை மென்றிருக்கிறார்கள். மகன்மார் பெரிய ஆட்களான பிறகுதான் போக்குவரத்து நின்றது.

"அம்மா போறாவாம்," என்றாள் ஃபந்தா. "ஆனால் கேக்கிறா, நான் போய் ஆரைக் கேக்கிறது, அந்தப் பிள்ளை ஆரின்ரை மகன், எந்த வீடு எண்டு. அது தெரியாமல் ஒரு தாயிட்டைப் போய்க் கதைக்க ஏலாதாம்."

அதைச் சொல்லக்கூடியவள் வாங்கில் இருந்தாள்.

வாமதேவன் அண்ணை வாங்கின் பக்கம் திரும்பவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். றிசீவர் கயிறு தொங்க, ஃபந்தாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபந்தா வெளியே வந்தாள். மரியாமாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் கப்டன் சுலேமானின்ரை அக்கா," என்றாள்.

மரியாமா எழும்பினாள். ஓங்கி அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தாலும் நான் பிழை சொல்லியிருக்கமாட்டேன்.  வாமதேவன் அண்ணை றிசீவரை நீட்டினார்.

"அங்கை ஒரு அம்மா கேக்கிறா, உன்ரை மனுசன் ஆரின்ரை மகன் எண்டு. லைன் அறுகிறதுக்கு முதல் சொல்லு, பிள்ளை."

மரியாமா வாங்கினாள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. பெயர்கள் மட்டும் விளங்கின, உமார், உமாரின் தகப்பன், ஊர். பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். கன்னத்தால் கண்ணீர் ஓடியது. என்ன சொல்கிறா என்று ஃபந்தாவைக் கேட்டேன்.

"செத்த மாமனாருக்குத் துக்கம் விசாரிக்கிறா," என்றாள். "அதை முடிச்சிட்டுத்தான் மற்றக் கதை."

மந்திரியின் தாய் அன்றே தலைநகருக்குப் பஸ் ஏறினா. நீலச்சாயக்காரியின் வீட்டுக்குப் போய், கோலாக்கொட்டை வைத்து, தகப்பனைப் புதைத்துவிட்டு ஆடு வாங்கப் போன ஒரு பிள்ளையை உன் மகன் வைத்திருக்கிறான், அந்தத் தகப்பனின் நாற்பதாம் நாள் நடக்காமல் கிடக்கிறது, அந்தப் பாவம் உன் வீட்டுப் படிக்குத்தான் வரும் என்றாவாம். நீலச்சாயக்காரி எழும்பித் தலைத்துணியைக் கட்டினாவாம். இரண்டு பேருமாக முகாம் வாசலில் பாய் விரித்துக் குந்தினார்கள். காவலுக்கு நின்றவன் துவக்கை நீட்டினான். கொமாண்டனின் தாய், "நீ ஆரின்ரை மகன்?" என்று அவனைக் கேட்டாவாம். ஃபந்தா இதைச் சொன்னபோது வாமதேவன் அண்ணை சிரித்தார். அந்தக் கிழமையில் அவர் சிரித்தது அப்போதுதான்.

பிறகும் நாங்கள் காத்திருந்தோம். அந்த நாட்களை நான் எப்படிச் சொல்வது? என் தராசில் நிறுவையெல்லாம் பிழைத்தது. பக்கத்துக் கடையில் மணி அடித்தால் கத்தரிக்காயைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஒரு மத்தியானம் ஓடிப்போனபோது மரியாமா கபினுக்குள் நிலத்தில் இருந்தாள். றிசீவர் காதோடு. கதைக்கவில்லை. எதிர்ப்பக்கம் உமாரும் கதைக்கவில்லையாம், இருமிக்கொண்டே இருந்தானாம். அந்த இருமலை வைத்து அவள் ஆளை மட்டுக்கட்டியிருக்கிறாள். கடையில் நின்ற எல்லோரும் அழுதோம். தெருவில் போட்டு மிதிக்கிறேன் என்றவனும் ஃபந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

உமாரை மட்டும்தான் விட்டார்கள். மற்றவர்களை விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று பின்னேரம் கடையில் சனம் கலைந்த பிறகு கப்டனே கோல் எடுத்தான். ஃபந்தா இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, "உங்களோடை கதைக்கோணுமாம், தொந்தோன்" என்று கொடுத்தாள். சத்தம் வெளியே கேட்டது. மந்திரிக் குரல் இல்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் குரல் மாதிரித்தான் இருந்தது.

"அம்மா நன்றி சொல்லச் சொன்னா. உங்களுக்கு என்னாலை ஏதும் ஏலுமெண்டால் சொல்லுங்கோ, தொந்தோன்."

ஒன்றும் வேண்டாம் தம்பி, சுகமாய் இரு என்று சொல்வார் என்று நினைத்தேன். மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"நீ சீனாவிலை படிச்சனி எல்லோ? எங்கடை நாட்டு ஆமிக்காரர் ஆரும் உன்னோடை படிச்சவையோ?"

"ஓம். ரெண்டு மேஜர். அடுத்த அறை."

"அவையிட்டை ஒரு பேரைக் கேக்கோணும். கரிகாலன். என்ரை தம்பி. போன வருசம் மே மாதம், சண்டையின்ரை கடைசி நாள், கையை உயர்த்திக்கொண்டு ஆமியிட்டைப் போனவன். அவன்ரை மனுசி கண்டவ, பஸ்ஸிலை ஏத்தினவை. அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது. அவையளுக்குள்ளை எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது, தம்பி. இருக்கிறானோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு."

அவருக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. யாராவது அவரைப் பற்றிக் கேட்டால், அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார், நாங்கள் எங்கள் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவோம். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டேன். அழுவதென்றால் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று அழுவது வசதி.

அடுத்த வருடம் அந்தச் சீருடைக்காரர்கள் தங்களுக்குள் அடிபட்டார்கள். மீன்பிடிக் கேணலை வீட்டுக்குள் அடைத்தார்கள். கொமாண்டனைத் தூரத்து எல்லைக்கு அனுப்பினார்கள். கப்டன் சுலேமான் மீன் லொறியொன்றில் ஏறி அயல்நாட்டுக்குத் தப்பினான். உமார் நாற்பதாம் நாளைப் பிந்திச் செய்து முடித்துவிட்டு வந்து சேர்ந்தான். இப்போது அவனும் மரியாமாவும் ஆர்ஜொந்தெய் என்ற புறநகரில் இருக்கிறார்கள். மரியாமா ஃபந்தாவோடு சிநேகிதம் ஆகவில்லை. அந்த ஆட்சியை அவள் மன்னிக்கவும் இல்லை, ஏன் மன்னிக்க வேண்டும்? ஆனால் கண்டால் தாயின் சுகம் கேட்பாள். டெலிபோன் கடையில் கபின்களைக் கழற்றியாயிற்று. எல்லோர் கையிலும் இப்போது ஓசிக் கோல் இருக்கிறது. வாமதேவன் அண்ணை பார்சல் அனுப்புகிறார், பார்சலுக்குள் என்ன, யாருக்கு, அவர் உனக்கு என்ன முறை என்று கேட்டுத்தான் நிறுக்கிறார்.

கபின்கள் இருந்த கடைசிக் காலத்தில் ஒரு நாள் மணி அடித்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"தொந்தோன், நான் சுலேமான். அந்த ரெண்டு மேஜர்மாரிட்டையும் அப்பவே கேட்டனான், மந்திரியாய் இருக்கேக்கையே. ஒருத்தன் பதில் போடேல்லை. மற்றவன், இந்தப் பேரை இனி என்னட்டைக் கேளாதை எண்டு எழுதினான். திரும்பவும் கேட்டனான். இப்ப அவனும் பதில் போடுறேல்லை. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல்தான் இவ்வளவு காலமும் எடுக்கேல்லை. மன்னியுங்கோ."

வாமதேவன் அண்ணை அவனுக்கு நன்றி சொன்னார். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டார். பெடியளுக்குப் பந்து பழக்குகிறேன் என்றான். றிசீவரை வைத்தவர், அதன்மேலிருந்து கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"அவன்ரை பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான், பிள்ளை," என்றார். "ரெண்டு தரம்."

கோசலை அக்கா அந்தப் பெயரைக் கொண்டு ஏறாத படி இல்லை என்று பிறகுதான் அறிந்தேன். கொழும்பில் ஏறினா, ஜெனீவாவில் ஏறினா, எங்கள் ஆட்களின் கந்தோர்களிலும் ஏறினா. கரிகாலன் எங்கே என்று இந்த உலகத்தில் வாய் திறந்து கேட்ட ஒரே ஒரு மந்திரி, தன் ஆமிக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கப்டன்தான்.